அக்காவின் கையிலிருந்து மைக்கை வாங்கியது பற்றி

2009இல் வன்னியில் முடிந்த போரில் எங்களுக்கு நடந்தது இனப்படுகொலையா என்று கிளிநொச்சி மண்டபத்தில் ஓர் ஆய்வரங்கு வைத்தார்கள். கேள்வி கேட்க எழும்பிய ஓர் அக்காவின் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டார்கள். அதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். வீடியோ பார்த்தவர்கள் எல்லாம் இன்பொக்ஸில் வந்து, "நீயும் அங்கேதானே இருந்தாய், ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்கிறீர்கள். சரி, இப்போது திறக்கிறேன்.

நோக்கத்தை நிறுவாமல் இனப்படுகொலை என்று சொல்ல முடியாது என்று அங்கே பேசிய பேராசிரியர் சொன்னதில் பாதி சரி. இனப்படுகொலை என்பது சட்டச் சொல். 1948 சாசனத்தின்படி, ஓர் இனக்குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தை நிறுவ வேண்டும். அது லேசான வேலையில்லை. பொஸ்னியா வழக்கில் 2007இல் சர்வதேச நீதிமன்றம் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் நடந்த கொலைகளை மட்டும்தான் அப்படிச் சொன்னது. விவாதியுங்கள், யார் வேண்டாம் என்றது? எங்களை வாசலில் நிறுத்திவிட்டு விவாதிக்காதீர்கள் என்கிறேன்.

"அம்மா, இது ஆய்வரங்கு, உணர்ச்சிக்கு இடமில்லை" என்று சொல்லி மைக்கை வாங்கினார்களே, அந்த அக்கா அழவா எழும்பினவ? போர் வலயத்துக்குள் 70,000 பேர்தான் என்று அரசாங்கம் கணக்குச் சொல்லிச் சாப்பாட்டைக் குறைத்ததே, பிறகு எப்படி 280,000க்கு மேல் சனம் வெளியே வந்தது என்று கேட்க எழும்பினவ. இரண்டு மணித்தியாலம் நோக்கம், நோக்கம் என்று கதைத்தீர்கள். நோக்கத்தைப் பற்றிய கேள்வி வந்ததும் மைக் போய்விட்டது!

இனப்படுகொலை (genocide) என்ற அந்தச் சொல்லை 1944இல் உருவாக்கிய போலந்து யூதச் சட்டத்தரணி லெம்கின், நாசிகளிடம் தன் உறவினர் 49 பேரை இழந்தவர். நல்லவேளை, அவர் எங்கள் மண்டபத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் அவரிடமும் மைக்கை வாங்கியிருப்பார்கள்.

செத்தவர்களின் எண்ணிக்கை ஆளுக்கொன்றாக இருக்கிறதாம். எண்ண விட்டால்தானே ஒன்றாக இருக்கும்? ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வைத்திருந்த சனத்தொகைக் கணக்கில் இருந்து, வெளியே வந்தவர்களின் கணக்கில் இல்லாத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எல்லோரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். இங்கே கேள்வி கேட்டாலே உணர்ச்சி.

சனத்தை வெளியேற விடாமல் மறித்த புலிகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கீழே வரப்போகிறவர்களுக்கு: ஐ.நா. அறிக்கையில் அதுவும் இருக்கிறது, நாங்கள் மறைக்கவில்லை. மறிக்கப்பட்ட சனம் என்பதற்காக ஷெல் அடிக்கலாம் என்று எந்தச் சாசனத்தில் இருக்கிறது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் வீட்டிலும் இது நடந்தது. புதுக்குடியிருப்பில் வாங்கிய குடும்ப அட்டையைப் பொலித்தீனில் சுற்றி, மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், செட்டிகுளம் முகாம் வரைக்கும் அம்மா கொண்டுவந்தா. ஏழு பெயர். இப்போது நாலு. வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் வந்தார், நல்ல பிள்ளை. அம்மா அவருக்குப் புட்டு அவித்துக் கொடுத்து, பின்னேரம் வரைக்கும் எல்லாம் சொன்னா. அட்டையைப் படம் எடுத்தார், படிவத்தில் கையெழுத்து வாங்கினார், எழுதியதை அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்பவில்லை. கனகாலம் கழித்து நானே இணையத்தில் தேடிப் பிடித்தேன். அட்டையின் படம் இருக்கிறது. அம்மா 'பதிலாளி 17'. அவ சொன்னது இரண்டு வரி. அதற்குக் கீழே, நினைவு காலத்தோடு மாறக்கூடியது என்று ஒரு பந்தி.

அம்மாவுக்கு நான் அதை வாசித்துக் காட்டவில்லை. "அந்தப் பிள்ளை எழுதி முடிச்சிட்டுதோ?" என்று இன்னும் கேட்கிறா.