கழற்றி வைத்த மோதிரம்

நிச்சயதார்த்தம், முதல் கதாநாயகன் வேடம், தேனிலவுக் கனவு என எல்லாம் ஒரே கோடையில் கூடிவந்த ஒரு மேடை நடிகரின் பேட்டியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் கணவரும் நாடக நடிகர்தான். மேடையேறும் முன் மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். அவர் ஏற்ற பாத்திரத்துக்குக் கல்யாணம் ஆகியிருக்காதே! விரலில் தெரியும் தடத்தை ஒப்பனை பூசி மறைப்போம். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள், ஒரே நாள்தான் ஓய்வு. தேனிலவுக்குத் தேதி குறிப்பது லேசான காரியமில்லை. தம்பி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே அந்த விடுப்பைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். மாற்று நடிகர் இருப்பார், நாடகம் நிற்காது. நாங்கள் ‘இந்த நாடகம் முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டு, நான்கு வருடம் கழித்துத்தான் கிளம்பினோம். அப்புறம், இருவருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள்!