பாதியில் நிற்கும் இண்டென்ட்டுகளுக்கு யார் பொறுப்பு?

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கொள்முதல் ஒப்புதல், விடுப்பு, கேட் பாஸ் என்று பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பயன்பாடுகளை, மைக்ரோசாஃப்டின் மென்பொருள் தளமான டாட்நெட்டின் புதிய வரிசைக்கு மாற்றும் பேச்சு எங்கும் நடக்கிறது. மாற்றத்தான் வேண்டும்; ஆனால் நம் கவலை இடம் மாறி நிற்கிறது.

2006-இல் டாட்நெட் 3.0 உடன் வந்த டபிள்யூசிஎஃப்-இன் சர்வர் பகுதியையும் ஒப்புதல் போன்ற படிப்படியான வேலைகளை நடத்தும் வொர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷனையும் புதிய டாட்நெட்டான டாட்நெட் கோருக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இலேயே அறிவித்துவிட்டது. இவற்றில் பயன்பாடுகளுக்கிடையே தகவல் கடத்தும் டபிள்யூசிஎஃப்-க்கு வழி பிறந்துவிட்டது. அதைப் புதிய டாட்நெட்டில் ஓடவைக்கும் கோர்டபிள்யூசிஎஃப் 1.0 2022-இல் வெளியானபின், எந்த அழைப்புகளை ஏற்பது என்று வரையறுக்கும் சர்வீஸ் கான்ட்ராக்ட்டுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு ஹோஸ்டிங், கான்ஃபிக் பகுதிகளைத் திருத்தினாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஜிஆர்பிசி என்ற புதிய தகவல் பரிமாற்ற முறைக்கு மாற்றச் சொல்பவர்கள், மறுமுனையில் இருக்கும் வாடிக்கையாளர் இன்னும் எக்ஸ்எம்எல் வடிவிலான பழைய சோப் (SOAP) அழைப்பையே எதிர்பார்த்திருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

உண்மையான சிக்கல் வொர்க்ஃப்ளோவில்தான் இருக்கிறது. ஸ்டோர்ஸில் ஒருவர் பம்ப்புக்கு மெக்கானிக்கல் சீல் வேண்டுமென்று இண்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, போடுகிறார். அது பிளான்ட் மேனேஜரின் ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கலாம். அந்த வேளையில் வொர்க்ஃப்ளோ நினைவகத்திலிருந்து இறக்கப்பட்டு, எஸ்க்யூஎல் சர்வரில் பைனரியாக உறங்குகிறது. ஒப்புதல் வந்ததும் புக்மார்க் வைத்த இடத்திலிருந்து எழுகிறது. அப்படி எழுதி வைக்கும் நெட்டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசர் புதிய டாட்நெட்டில் இல்லை. வொர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷனின் புதிய டாட்நெட் வடிவமாகச் சமூகப் பங்களிப்பில் வளரும் கோர்டபிள்யூஎஃப்-க்கு ஆக்டிவிட்டிகளை (வொர்க்ஃப்ளோவின் படிகளை)க் கொண்டுபோக முடிந்தாலும், உறங்கும் இண்டென்ட்டுகளை அது அப்படியே எழுப்பிவிடும் என்று நம்பி இறங்குவது பொறுப்பற்ற செயல் என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஒப்பந்ததாரரிடம், பாதியில் நிற்பவை என்னாகும் என்பதை முதலில் கேளுங்கள்.

என் கருத்தில் சரியான வழி, புதிய இண்டென்ட்டுகளைப் புதிய அமைப்பில் தொடங்கிவிட்டு, பழையவை தாமாகவே முடியும்வரை பழைய சர்வரை ஓடவிடுவதுதான். பழைய தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, தான் இயங்கும் விண்டோஸுக்கு ஆதரவு உள்ளவரை ஆதரவு பெறும் என்பதால், அவசரப்படக் காரணமே இல்லை. மாறாக, புதிய வரிசையின் டாட்நெட் 8-க்கு ஏற்கெனவே போய்விட்டவர்களுக்குத்தான் கெடு நெருக்கம்: அதன் ஆதரவு 2026 நவம்பர் 10 அன்று முடிகிறது. இப்போது தொடங்குபவர்கள் 2028 நவம்பர் வரை ஆதரவுள்ள டாட்நெட் 10-க்கே நேராகப் போகலாம். கடைசி இண்டென்ட் முடியும்வரை பழைய சர்வரைப் பராமரிப்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்பதையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.