ட்ரெயிலரில் பாரத்தைப் பின்னுக்கு ஏற்றலாமா?

திருகோணமலைப் பக்கமுள்ள நிலாவெளிக்குக் காரில் படகு இழுப்பது பற்றிய ஒரு பதிவில், பாரத்தை ட்ரெயிலரின் பின்பக்கம் ஏற்றினால் ஓட்டம் சீராக இருக்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. காரின் பின்புறம் அமுங்காது என்பது மட்டும் சரி. வேகம் கூடும்போது ட்ரெயிலர் இரு பக்கமும் வீசத் தொடங்கும், காரையும் சேர்த்து இழுக்கும். ஹபரணை வீதியில் எதிரே லொறி வரும் நேரம் அது நடந்தால் உயிராபத்து, தயவுசெய்து அப்படி ஏற்றாதீர்கள்.

படகோடு சேர்த்து ட்ரெயிலரின் மொத்த நிறையில் சுமார் 10 வீதம், அதை மாட்டும் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். 300 கிலோ என்றால் 30 கிலோ. படகின் எஞ்சின் பின்னால் தொங்குவதால் படகைச் சற்று முன்தள்ளிக் கட்டுங்கள். நீங்களே பார்க்கலாம்: சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஆள் நிறை பார்க்கும் தராசில் ட்ரெயிலரின் முன்முனையைக் கொக்கி உயரத்துக்குத் தாங்கல் கொடுத்து நிறுத்துங்கள். தராசு காட்டும் நிறை, காரின் கையேட்டில் கொக்கிக்கு உள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது.