இரண்டாவது கழுகு என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களுக்கு

நேற்று முதல் எல்லாருடைய சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கல்லூரி விழாப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். பசியில் தரையில் சுருண்டு கிடக்கும் சூடான் குழந்தையும், பின்னால் காத்திருக்கும் கழுகுமாக ஒரு புகழ்பெற்ற படம் உண்டே, அதை எடுத்தவர் குழந்தையைக் காப்பாற்றாமல் சாகவிட்டார் என்பதுதான் அந்தப் பேச்சின் கதை. பேசியவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. "அன்று அங்கே இருந்தவை இரண்டு கழுகுகள், அதில் ஒன்றின் கையில் கேமரா இருந்தது" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்ல, அரங்கமே எழுந்து நின்று கைதட்ட, காணொளியை வெட்டி ஒட்டிய புண்ணியவான் அதற்குப் புல்லாங்குழலும் சேர்த்துவிட்டார். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே "கண் கலங்கிவிட்டது" என்று அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். கலங்கட்டும், தவறில்லை. ஆனால் அவர் கதையில் செத்துப்போகும் அந்தக் குழந்தை உண்மையில் அன்று சாகவில்லை.

1993 மார்ச் மாதம், தெற்கு சூடானில் அயோத் என்ற ஊர். ஐ.நா.வின் நிவாரண விமானத்தில் போய் இறங்கிய தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர்கள் இருவரில் ஒருவர் கெவின் கார்ட்டர், இன்னொருவர் ஜோவாவ் சில்வா. உணவு வழங்கும் இடத்துக்கு அருகில்தான் கார்ட்டர் அந்தப் படத்தை எடுத்தார். மார்ச் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. குழந்தை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்டுக் குவித்ததால், நான்கு நாள் கழித்து அதே நாளிதழ் ஒரு குறிப்பும் வெளியிட்டது. கழுகு விரட்டப்பட்டது, குழந்தை சற்றுத் தேறி மறுபடி நகரத் தொடங்கியது, மையத்தைச் சென்றடைந்ததா என்பது தெரியவில்லை என்பதே அதன் சாரம். 2011இல் ஸ்பெயினின் எல் முண்டோ நாளிதழ்க்காரர்கள் அயோத்துக்கே போய் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ஆண் பிள்ளை. பஞ்சத்தில் பிழைத்து வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு காய்ச்சலில் இறந்தான் என்று தகப்பன் சொல்லியிருக்கிறார். படத்தை உற்றுப் பார்த்தால் பிள்ளையின் வலது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை தெரியும். நிவாரண மையத்தில் பதிவான பிள்ளைகளுக்குக் கட்டும் பட்டை அது. யாருமே கவனிக்காத அநாதையாக அந்தப் பிள்ளை அங்கே கிடக்கவில்லை என்பதற்குப் படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

இவை எதுவும் ரகசியமல்ல. தேடினால் பத்து நிமிடத்தில் கிடைக்கும். மேடையேறும் முன் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க முடியாதவர், ஒரு மனிதன் தன் கடமையைச் செய்தானா என்று தீர்ப்புச் சொல்கிறார்.

அந்த இரண்டாவது கழுகு வசனத்தின் பிறப்பிடம்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. படமெடுத்தவரும் ஒரு கழுகுதான் என்ற பொருளில் அன்றைக்கே எழுதியது ஃபுளோரிடாவின் நாளிதழ் ஒன்று. வாட்ஸ்அப் கதையில் அது தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்த நேயரின் கேள்வியாகி, அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் கார்ட்டர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று முடிகிறது. அவர் எழுதிவைத்த கடிதத்தில் வாடகைக்குப் பணமில்லை, கடன், தன் சொந்தப் பிள்ளையின் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டிய பணம் என்று வரிசையாக இருக்கிறது. கண்ணால் பார்த்த கொலைகளும் பிணங்களும் பசித்த பிள்ளைகளும் விடாமல் துரத்துவதாக இருக்கிறது. நண்பன் கென்னிடம் போகிறேன் என்றிருக்கிறது. அந்தப் படத்துக்கு அமெரிக்காவின் உயரிய பத்திரிகைப் பரிசான புலிட்சர் அறிவிக்கப்பட்டது 1994 ஏப்ரல் 12. அந்த நண்பர், சக புகைப்படக்காரர் கென் ஊஸ்டர்புரூக், தென்னாப்பிரிக்காவின் தோகோசாவில் சுடப்பட்டு இறந்தது ஏப்ரல் 18. ஜூலை இறுதியில் கார்ட்டரும் போய்விட்டார், 33 வயதில். இத்தனையையும் சுருட்டி ஒற்றைத் தொலைபேசி அழைப்புக்குள் அடைத்துவிட்டால் கைதட்டு கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

"கதை பொய்யாகவே இருக்கட்டும், கருத்து நல்லதுதானே" என்று கேட்பீர்கள். என்ன நல்ல கருத்து? 1983இல் தொடங்கிய சூடான் உள்நாட்டுப் போர், தலைநகர் கார்ட்டூமில் இருந்த அரசு, 1991இல் இரண்டாக உடைந்து ஒன்றையொன்று வேட்டையாடிய ஜான் கராங், ரீக் மச்சார் ஆகியோரின் தெற்குக் கிளர்ச்சிப் பிரிவுகள், எரிந்த ஊர்கள், கொள்ளை போன மாடுகள் என்று இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையை அங்கே தரையில் கிடத்தின. அந்தப் பேச்சில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? பஞ்சத்தை உண்டாக்கியவனை விட்டுவிட்டு, பஞ்சம் இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவனைக் கூண்டில் ஏற்றுவதற்குப் பெயர் மனிதநேயமாம்.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும்: கழுகு சிறகு விரிக்கும் என்று ஏறத்தாழ இருபது நிமிடம் காத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறாரே? ஆம், சொல்லியிருக்கிறார். அது எனக்கும் உறுத்துகிறது. அதன் பிறகுதான் அவர் பறவையை விரட்டினார், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். நோய்த்தொற்றுக்கு அஞ்சி யாரையும் தொடக்கூடாது என்று செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் போதவில்லைதான். ஆனால் அந்த இருபது நிமிடத்தைப் பற்றிப் பேச, அங்கே பிள்ளை செத்தது என்ற பொய் எதற்கு?

"உனக்கேன் இவ்வளவு சூடு" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டுவிட்டார். சொல்கிறேன். என் அப்பா நாகப்பட்டினம் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் படம், அவ்வளவுதான் தொழில். 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்த மறுநாள், அடையாளம் தெரியாத உடல்களைப் புதைப்பதற்கு முன் படம் எடுத்துவைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனார். முகம் அடையாளம் தெரியாத நிலையில் இருந்தால் வேறெதையாவது எடுப்பார்: கையில் குத்திய பச்சை, மூக்குத்தி, சட்டைக் காலரின் உள்பக்கம் தையல்காரர் வைத்துத் தைத்த பட்டி. அந்தத் தையல்காரர் பட்டியைப் பார்த்துத்தான் ஓர் அம்மா தன் மகன் எந்தக் குழியில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டார். ஆல்பத்தின் அந்தப் பக்கத்தை அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்ததாக அப்பா சொல்வார், அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? பிணத்தைப் பிடித்த கேமராவால் மாப்பிள்ளை பெண்ணைப் பிடிக்கலாமா என்று கல்யாண வேலைகளை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்தது. பிணத்தில் காசு பார்த்தவன் என்று டீக்கடையில் பேசியது. அப்பா கேமராவை மாற்றிப் பார்த்தார், கடையின் பெயரை மாற்றிப் பார்த்தார், பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு ஜெராக்ஸ் மிஷின் போட்டார். ஆகையால் அரங்கம் நிறையப் பிள்ளைகள் "கழுகு" என்றதும் கைதட்டும்போது எனக்குச் சூடு வரத்தான் செய்யும். அப்பாவுக்காகப் பேசுகிறாய் என்றால், ஆம், அதற்கும்தான் பேசுகிறேன்.

அப்படியானால் விபத்து நடந்த இடத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பவனும் நல்லவனா என்று ஒரு வித்தகர் கேட்பார். இல்லை. அடிபட்டவரைத் தூக்க இருக்கிற கையால் நேரலை போடுகிறவனை நான் எங்கே நியாயப்படுத்தினேன்? அவனைத் திட்டுவதற்கு இந்தச் சூடான் படத்தை இழுக்காதீர்கள். அதே சுனாமியில், கடலூரில் உறவினரை இழந்து மண்ணில் குப்புற விழுந்து அழும் ஒரு பெண்ணைப் புகைப்படச் செய்தியாளர் அர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகச் சிறந்த பத்திரிகைப் படமாகத் தேர்வானது. அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கினாரா, படத்தால் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அது கேள்வி, உட்கார்ந்து பேசலாம். செய்தியாளர்களே அதைத் தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கழுகு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்து அடுத்த குட்டிக்கதைக்குப் போவது கேள்வியாகாது.

இன்னொன்று. அந்தக் காணொளியில் போட்டிருக்கும் படத்தைக் கைபேசித் திரைக்குப் பொருந்த நீளவாக்கில் வெட்டியிருக்கிறார்கள். மேலே பேச்சாளரின் முகம், கீழே பிள்ளை. மணிக்கட்டுப் பட்டை இருந்த இடத்தில் அவர்களுடைய சேனலின் முத்திரை இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் இதையெல்லாம் ஆதாரத்தோடு, தன்மையாகத்தான் எழுதினேன். "நெகட்டிவிட்டி பரப்பாதீர்கள்" என்று பதில் வந்தது; சற்று நேரத்தில் என்னைத் தடையும் செய்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுத வேண்டியதாயிற்று. பகிர்ந்தவர்கள் நீக்குவதும் நீக்காததும் அவரவர் விருப்பம், ஆனால் அதைக் கொண்டுவந்து என் உள்பெட்டியில் போடாதீர்கள்.