மலை ஏறும் நாளை வெட்டாதீர்கள்

இலங்கையின் வடமுனையான பருத்தித்துறையிலிருந்து தென்முனையான தெய்வேந்திரமுனை வரை சைக்கிளில் போய், புற்றுநோயாளர்களுக்காக நிதி திரட்டிவிட்டு வந்தோம். வந்த களைப்பு ஆறுவதற்குள் அடுத்த வருடப் பாதையைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது. பலர் சொல்லும் யோசனை, மலைநாட்டை விட்டுவிடலாம் என்பது. குருணாகல், கொழும்பு, காலி என்று சமதரையிலேயே போனால் இன்னும் நிறையப் பேர் சேருவார்கள், நாளும் மிச்சம். இல்லாவிட்டால் கம்பளையில் சைக்கிள்களை லொறியில் ஏற்றி வெலிமடையில் இறக்கிக்கொள்ளலாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

கம்பளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். நடுவில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். அதற்கு முந்தைய நாட்களில் வடக்கின் வெயிலும் தம்புள்ளைப் பக்கத்து வெக்கையும் காலில் இறங்கியிருக்கும். பயணத்தின் கடைசிப் பகுதியில் இப்படி ஒரு நாள் வருவது கொடுமைதான், மறுக்கவில்லை. அன்று விடியும் முன்னே கம்பளையில் கிளம்பினோம், வெலிமடை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. எங்களில் இருவர் றம்பொடையில், கூடவே வந்த வான் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, வான் வருவதே அதற்காகத்தான்.

ஆனால் ஏ9 வீதியை நினைத்துப் பாருங்கள். ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம் என்று காற்று முதுகில் தள்ள மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனோம். ரோட்டோரத்தில் நின்றவர்கள் கை காட்டினார்கள், நாங்களும் காட்டினோம். அவ்வளவுதான். எதற்காகப் போகிறோம் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை, சொல்ல எங்களுக்கும் நேரமில்லை. சட்டையில் எழுதியிருந்ததை வாசிப்பதற்குள் கடந்து போய்விட்டோம்.

புசல்லாவை தாண்டிய பிறகு கதையே வேறு. மிகச் சின்ன கியரிலும் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்தான். நடக்கிறவருக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு ரோட்டுக்கு இறங்கும் பெண்கள் கூடவே நடந்து வந்து பேசினார்கள்.

"எங்கேருந்து வாறீங்க தம்பி?"

"பருத்தித்துறை அக்கா. யாழ்ப்பாணத்துக்கும் அங்கிட்டு."

"அம்புட்டுத் தூரமா? சைக்கிள்லயா? எதுக்கு?"

அந்த "எதுக்கு" என்ற கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அதைக் கேட்கிற வேகத்தில் நாங்கள் போனது அந்த ஏற்றத்தில் மட்டும்தான். கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கிறோம் என்று சொன்னதும் பேச்சு சட்டென்று மாறிவிடும். யாருக்காவது ஒரு மாமாவோ மதினியோ இருக்கிறார்கள். கண்டிக்கோ மகரகமவுக்கோ புற்றுநோய் வைத்தியத்துக்குப் போய் வந்த கதை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். பஸ்ஸுக்கும், கூடப் போகிறவரின் சாப்பாட்டுக்கும், ராத் தங்குவதற்கும் காசு வேண்டும். தோட்டத்தில் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிய மாட்டார்கள், சம்பளம் இல்லை. நோயாளிக்கும் இல்லை, துணைக்குப் போனவருக்கும் இல்லை.

ஹெல்பொடைப் பக்கம் ஒரு பஸ் தரிப்பிடத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். அங்கே நாற்பது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ரகசியம் போலக் கேட்டார்: "காரம் பட்டா வாயெல்லாம் எரியுது. ரொட்டிக்குச் சம்பல்கூடத் தொட முடியல. இதுவும் அதுதானா?" எங்களோடு ஒரு தாதி வந்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்லி, போனில் டோர்ச் அடித்துப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் அந்த அக்காவால் இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தோல் இறுகிப் போயிருந்தது. தாதி பயமுறுத்தவில்லை. இது புற்றுநோய் என்று சொல்ல முடியாது, ஆனால் பாக்குப் போடுகிறவர்களுக்கு வருவது, விட்டால் புற்றாக மாறக்கூடும், அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போய்க் காட்ட வேண்டும், வெற்றிலையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். வெற்றிலை மடித்திருந்த தாளிலேயே என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுதான் முதலிடம். பெண்களும் தப்பவில்லை. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. மலையில் இந்தச் செய்தி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? விடியற்காலைக் குளிர், இடுப்பளவு ஈரம், அட்டைக்கடி, சாப்பாட்டு நேரம் வரை அடக்க வேண்டிய பசி, இத்தனைக்கும் நடுவில் வெற்றிலைதான் அவர்களுக்குத் துணை. அதை விடு என்று சொல்பவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதையும் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். சும்மா ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனால் ஆகாது.

"காசை நேரடியாகக் கொடுத்தால் போதாதா, எதற்கு இந்தச் சைக்கிள் ஓட்டம்?" என்று கேட்பவர்களும் உண்டு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு நடந்தே போய் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டினார்கள். கூப்பிட்டால் வராத காசு, நடந்தால் வந்தது. 2023 இல் மலையகத் தமிழர் இங்கு வந்து 200 வருடம் ஆனதையொட்டி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பஸ் பிடித்துப் போயிருந்தால் வழியில் எந்த ஊர் அவர்களோடு நின்று பேசியிருக்கும்?

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். றம்பொடைச் சுரங்கம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பூ விற்கிற பையன்கள் குறுக்கு வழியில் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் எங்களுக்கு முன்னே வந்து நின்றார்கள். கடைசியில் பூவைக் கீழே வைத்துவிட்டு ஒருவன் என் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளினான். லபுக்கலையில் மழை பிடித்தது. காய்கறிக் கடை ஒன்றில் இஞ்சி பிளேன்டீ கொடுத்தார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். நுவரெலியாவுக்கு அப்புறம் சீதா எலிய, ஹக்கல எல்லாம் இறக்கத்தில் ஓடிப் போயின. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. அந்த இறக்கம் முழுக்க ஒரு மனிதரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று உண்டியலில் விழுந்தது குறைவு, ஒளிக்கத் தேவையில்லை. தெற்கில் ஒரே பஸ் நிலையத்தில் அதைவிடக் கூடுதலாகச் சேர்ந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு வந்த அழைப்புகளில் முக்கால்வாசி அந்த ஏற்றத்திலிருந்துதான். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை கிளினிக், கூட ஒரு ஆள் வரலாமா என்று கேட்கிறார்கள். ஹெல்பொடை அக்கா கம்பளையில் காட்டிவிட்டார், கண்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே என் யோசனை நேர்மாறானது. அந்த ஒரு நாளை இரண்டாக்குங்கள். புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை மூன்றிலும் நின்று போவோம், கொழுந்து நிறுக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து. ஞாயிறு வேண்டாம், மலைக்கு ஆள் வராது. ஏற முடியாதவர்கள் வானில் வரட்டும், அவர்கள் முன்னால் போய்ப் பேச்சைத் தொடங்கி வைக்கலாம். வானில் ஒரு பல் வைத்தியர் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கம் தமிழ் பேசும் பல் வைத்தியர் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால், இரண்டு நாள் வரச் சம்மதிப்பாரா என்று கேட்டு எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். சாப்பாடும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு.