நெல் களத்துக்கு வருமுன் தகவல் வரவேண்டும்

டெல்டாவில் நெல் விலையைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு, நெல்லைப் பற்றிய தகவல் யாரிடம் இருக்கிறது, அது அடுத்தவருக்கு எப்போது போய்ச் சேருகிறது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. உழவர் அடையும் நட்டத்தில் பெரும்பங்கு இந்தத் தாமதத்தால்தான் உண்டாகிறது என்பது என் உறுதியான கருத்து.

அரசுக் கொள்முதலில் விலை எவருக்கும் மறைவானதன்று. 2025-26 பருவத்தில், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்பது மன்னார்குடியிலும் நீடாமங்கலத்திலும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தம் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்றைக்குத் திறக்கும், சாக்கு இருக்கிறதா, வாங்கிய மூட்டைகளை ஏற்றிச்செல்ல லாரி வருமா, தம் முறை எப்போது வரும் என்பவைதாம் உழவருக்குத் தெரிவதில்லை. தெரியாமலே அறுத்துக் கொட்டுகிறார்கள். குறுவை அறுவடையின் பிற்பகுதி வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதும் காலத்தில், 17 விழுக்காடு ஈரப்பத வரம்புக்குள் காய்ந்திருந்த நெல்கூட, காத்துக் கிடந்தே நனைந்துவிடுகிறது. பிறகு வரம்பைத் தளர்த்தக் கோரி மத்திய அரசுக்குக் கடிதம் போகிறது. குழு வந்து பார்க்கிறது. அதற்குள் நெல் முளைவிட்டுவிடுகிறது.

வாங்குகிற பக்கத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். எந்த வாரத்தில் எவ்வளவு நெல் வரும் என்பது, மூட்டைகள் வாசலில் குவிந்த பிறகே கொள்முதல் நிலையத்தாருக்கு உறைக்கிறது. ஆனால் இது முன்னதாகவே கணக்கிடக்கூடிய ஒன்று. நெல் ரகங்களில் ஆடுதுறை 45 ஏறத்தாழ 110 நாளிலும், சி.ஆர். 1009 என்ற ரகம் 155 நாளுக்கு மேலும் அறுவடைக்கு வரும். பயிர்ப் பரப்பு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் இருக்கிறது; எந்த ரக விதை எவ்வளவு போயிற்று என்பது வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் தனியார் விதைக்கடைக்கும் தெரியும்; அறுவடை இயந்திரம் எந்த ஊருக்கு எந்த நாளில் போகிறது என்பது இயந்திர முகவரின் கையில் இருக்கிறது. இயந்திரம் ஊருக்குள் வந்தால் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே வாரத்தில் அறுத்துவிடும் என்பதால், முகவரின் அந்த விவரம் மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. இவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

தனியார் வணிகத்தில் குறை வேறு விதமானது. வெளிமாவட்ட ஆலைகள் எந்த ரகத்தை விரும்புகின்றன என்பது நாற்று விடும் முன் தெரிந்தால்தான் பயன்படும். நம்மவருக்கோ அது, வியாபாரி களத்தில் ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து விலையைக் குறைக்கும்போதுதான் தெரிகிறது. தரகரைத் திட்டித் தீர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பணம் தருபவரும், ஆளையும் வண்டியையும் அனுப்புபவரும் பல ஊர்களில் அவரே. இருபக்கமும் தெரிந்தவராக அவர் ஒருவரே இருப்பதுதான் கவலைக்குரியது.

கும்பகோணம், திருவாரூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நடக்கும் பருத்தி மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் தத்தம் விலையை எழுதிப் போடுகிறார்கள்; விலை கட்டுப்படியாகாவிட்டால் உழவர் மறுக்கலாம். முறை நல்லதுதான். ஆனால் ஒரு குவியலுக்கு விலை குறைந்தால், காரணம் ஈரமா, தூசியா, இழையின் நீளமா என்று எழுதப்படுவதில்லை. விலைக்குப் பக்கத்தில் காரணத்தையும் குறிக்கச் செய்தால், அடுத்த முறை பருத்தி எடுக்கும்போதே உழவர் திருத்திக்கொள்வார். அதேபோல் உழவரும் ஈரம் இருப்பதையும் கலப்பு இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எது நல்ல சரக்கு என்று தெரியாத இடத்தில் வியாபாரி எல்லாச் சரக்குக்கும் தாழ்ந்த விலையே வைப்பார், அதில் இழப்பவர் ஒழுங்காகக் காயவைத்தவர்.

வருகிற சம்பாவுக்குள் இரண்டு செயல்களையாவது தொடங்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் ஈரப்பதமானி ஒன்றை வைத்து, அறுக்கும் முன்பே கதிரைக் கொண்டுவந்து சோதிக்க வழிசெய்ய வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில், சாக்கு இருப்பையும் அன்று வாங்கவிருக்கும் மூட்டைகளின் எண்ணிக்கையையும் காலையில் பலகையில் எழுதி, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும்.