நான் சொன்னது இரண்டு ரேம்

ஒரு தம்பியின் கணினி ரேமைப் பற்றி நேற்று இங்கே நடந்த வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு மறுபடியும் விளக்க வேண்டியதில்லை. இரவு முழுவதும் பதில் எழுதாமல் அடக்கிக்கொண்டேன். இனியும் முடியவில்லை.

தம்பி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. புதிதாக ஒரு கணினி சேர்க்கிறேன், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசசர், ஓவர்கிளாக் செய்து, அதாவது நிறுவனம் உறுதி சொன்னதைவிடக் கூடுதல் வேகத்தில், ஓட்டப்போகிறேன், 64 ஜிபி ரேம் வேண்டும், எது வாங்கட்டும் அண்ணா என்றான். இரண்டு 32 ஜிபி, டிடிஆர்5 தலைமுறை, வேகம் 6000, தாமதத்தைக் குறிக்கும் சிஎல் 30, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவது, மதர்போர்டு நிறுவனம் சோதித்துச் சொன்ன ரேம் பட்டியலில் இருப்பது என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள், நான்கு ஸ்லாட் இருக்கும்போது இரண்டைக் காலியாக விடுவானேன் என்று சொல்லி, தனித்தனியாக இரண்டு பெட்டி, 6400, மொத்தம் நான்கு ரேம் வாங்கவைத்துவிட்டார்கள். இப்போது கணினி நினைத்த நேரத்தில் உறைந்து நிற்கிறது. விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போட்டாகிவிட்டது. ரேமைப் பாருங்கள் என்று நேற்று நான் சொன்னதற்கு, 'வேகத்தைக் கண்டாலே நடுங்குகிற ஆள்' என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே தம்பியும் ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தான்.

நான் சொன்னது இரண்டு ரேம். நான்கு என்று நான் எங்கும் சொல்லவில்லை.

இது என் பயத்திலிருந்து பிறந்த கணக்கும் இல்லை. ரைசன் 7000 பிராசசர்களுக்கு ஏஎம்டியே எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள். இரண்டு ரேம் போட்டால் 5200 வரை உறுதி. நான்கு போட்டால் 3600தான். பிராசசருக்குள் ரேமை இயக்கும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு பாதையிலும் இரண்டு ரேமைச் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வரும் இறக்கம் அது. 3600க்கு உறுதி தருகிறவனிடம் 6400 கேட்டுவிட்டு, உறைந்தவுடன் விண்டோஸைத் திட்டுவது என்ன நியாயம்? அதோடு, தனித்தனிப் பெட்டிகளில் வந்த ரேம்கள் ஒரே பெயர், ஒரே எண் கொண்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லுகள் வேறாக இருக்கலாம். ஒரே பெட்டியில் இருப்பவை சேர்ந்து ஓடும் என்றுதான் நிறுவனம் உறுதி சொல்கிறது. இரண்டு பெட்டிகளைக் கலந்தால் அந்த உறுதி போய்விடுகிறது.

6400, 6000ஐவிடப் பெரிய எண்தானே என்று கேட்கிறார்கள். பெரிய எண்தான். ஆனால் பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் சிஎல் என்று இன்னொரு எண் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, அந்தப் பெரிய எண்ணால் வகுத்தால், கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை நானோ நொடி ஆகும் என்று தெரிந்துவிடும். 6000 சிஎல் 30க்கு 10 நானோ நொடி. 7200 சிஎல் 36க்கும் அதே 10. பழைய டிடிஆர்4இல் 3200 சிஎல் 16க்கும் அதே 10தான். தம்பி வாங்கியது 6400 சிஎல் 40. அதற்கு 12.5. கூடுதல் வேகத்தில் ஒரு நொடியில் பாயும் தரவு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வரிசையில் 6400ஐத் தாண்டினால் பெரும்பாலும் மெமரி கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். 6000தான் பொருத்தமான இடம் என்று ஏஎம்டியே சொன்னது.

வேகத்தைக் கண்டு நடுங்குகிறேனாம். நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

என் முந்தைய கணினியில் தனித்தனியாக வாங்கிய இரண்டு டிடிஆர்4 ரேம்களைப் போட்டு, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்தில் ரேமை ஓட்டும் அமைப்பை, இயக்கி, நான்கு மாதம் ஓட்டினேன். விளையாட்டுகள் ஓடின, காணொளிகள் ஓடின, ஒரு முறைகூட உறையவில்லை. அந்த மாதங்களில்தான் அப்பாவின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் அந்தக் கணினிக்கு மாற்றினேன். மாற்றி முடித்ததும் பழைய டிஸ்கை அழித்துவிட்டேன். பிறகு ஒரு நாள் ஒரு படத்தைத் திறந்தேன். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். நெற்றி, கண், மீசை வரை சரியாக இருந்தது. மீசைக்குக் கீழே படம் முழுவதும் ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்து, பச்சை படிந்து கிடந்தது. அவருடைய வாயும் தாடையும் ஒரு கோட்டில் இல்லை. அப்படி 41 படங்கள்.

அன்று இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓட்டினேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் ஒரு சிவப்பு வரி வந்தது. எழுதியது ஒன்று, திரும்பப் படித்தது ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பிட் வித்தியாசம். அந்த ஒரு பிட்டுக்குத்தான் அப்பாவின் முகம் போனது. அந்தப் படங்களுக்கு வேறு நகல் இல்லை.

டிடிஆர்5இல் பிழை திருத்தம் உள்ளேயே இருக்கிறதே என்று உடனே ஒருவர் வருவார். இருக்கிறது, சில்லுக்குள் மட்டும். சில்லிலிருந்து பிராசசர் வரையிலான பாதையில் நேரும் பிழையை அது பார்ப்பதில்லை. எக்ஸ்எம்பி போலவே ஏஎம்டி கணினிகளுக்கு இருக்கும் எக்ஸ்போ என்பது நிறுவனமே சோதித்துக் கொடுத்த அமைப்பு, அதில் என்ன ஆபத்து என்று இன்னொருவர் கேட்பார். அதுவும் ஓவர்கிளாக்தான், பிராசசரின் உத்தரவாதத்துக்கு வெளியேதான் வரும். 2023 ஏப்ரலில் இதே வரிசையின் எக்ஸ்3டி வகை பிராசசர்கள் கருகிய செய்தி வந்த பிறகு, எக்ஸ்போவை இயக்கும்போது கூடுகிற, மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் ஏஎம்டி கட்டுப்படுத்தியதை மறந்துவிட்டீர்களா? நான்கு ரேம் இருந்தால்தான் விளக்குகள் அழகாக எரியும் என்றவருக்கு என்னிடம் பதில் இல்லை. என் கணினியில் நான்கும் நன்றாக ஓடுகிறது என்கிறவர்களுக்கும் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஓடட்டும். எனக்கும் நான்கு மாதம் ஓடியது.

என்னை வருத்துவது இந்த எண்கள் அல்ல. ஒருவன் நம்பிக் கேட்கிறான். அவன் மதர்போர்டின் பெயரைத் தேடி, பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு ரேமின் எண்ணையும் ஒப்பிட்டு, ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்து எழுதுகிறேன். ஒரே வரியில் 'நான்கு போடு' என்று சொன்னவர்களுக்குக் கைதட்டல். கணினி உறைந்த அன்று அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. வந்தது நான். ஏளனம் கேட்டதும் நான். உதவி செய்ய வருகிறவனை இப்படி விரட்டினால் நாளை யார் வருவார்கள்?

தம்பி, கோபம் இருந்தாலும் உனக்குத்தான் சொல்கிறேன். இன்னொரு முறை விண்டோஸ் போடாதே, முக்கியமான எந்தக் கோப்பையும் அந்தக் கணினிக்கு மாற்றாதே. பவரை அணைத்து நான்கு ரேமையும் கழற்று. ஒரே பெட்டியில் வந்த இரண்டை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டில் போடு. முதல் முறை திரை வரச் சில நிமிடங்கள் ஆகலாம், பதறி அணைத்துவிடாதே. எக்ஸ்போவை இயக்காமல் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டுத் தூங்கு. நாளை இரவு எக்ஸ்போவை இயக்கி மறுபடி ஓட்டு. இரண்டு நாளும் காலையில் பிழை எண்ணிக்கை எவ்வளவு என்று எனக்குத் தனியாக எழுது. அப்பா அம்மா படங்கள் இருக்கும் பழைய டிஸ்கை அதுவரை அழிக்காதே.